பழைய மேக்கில் வண்ண லேபிளும் தனி ஐகானும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1991 மே மாதம் வெளியான சிஸ்டம் 7 முதல் மேக் ஓஎஸ் 9 வரையிலான இயங்குதளங்களில், ஆப்பிள் மேக்கின்டாஷின் ஃபைல் மேலாளரான ஃபைண்டரில் ஃபைல்களை நிறத்தாலும் படத்தாலும் பிரித்து வைப்பது பற்றிய கேள்விகள் இவை. எல்சி, கலர் கிளாசிக், குவாட்ரா, பவர் மேக்கின்டாஷ், முதல் ஐமேக் என எதை வைத்திருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும். பழைய மேக்கைப் புதிய கணினிக்குள் போலச் செய்யும் மினி விமேக், பசிலிஸ்க் 2, ஷீப்ஷேவர் எமுலேட்டர்களில் ஓட்டுபவர்களுக்கும் இதே பதில்கள்தான். எமுலேட்டருக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் உண்டு. அது ஃபைல்களை வெளியே எடுக்கும் கேள்வியில் வருகிறது.

லேபிள், தனி ஐகான் இரண்டும் ஒன்றா? எதற்கு எதைப் போடுவது?

ஒன்றல்ல. லேபிள் என்பது ஐகான்மேல் பூசும் சாயம். ஃபைண்டர் தரும் ஏழு நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தால் ஐகான் அந்த நிறத்துக்கு மாறும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெயர் உண்டு என்பதால் வரிசைப்படுத்தலாம், தேடலாம். தனி ஐகான் என்பது படத்தையே மாற்றுவது. காகித வடிவ ஐகானை எடுத்துவிட்டு நீங்கள் வரைந்த படத்தை ஒட்டுகிறீர்கள். அதை வைத்துத் தேடவோ வரிசைப்படுத்தவோ முடியாது, கண்ணுக்கு மட்டுமே அடையாளம்.

மாறுகிற விஷயத்துக்கு லேபிள், மாறாத விஷயத்துக்கு ஐகான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடிதம் முடிந்ததா, பாக்கியா என்பது நாளைக்கே மாறும், அதற்கு லேபிள் போதும். ஒரு ஃபோல்டர் எழுத்துருக்களுக்கானது என்பது என்றும் மாறாது, அதற்கு ஐகான் வரையலாம். இரண்டையும் தலைகீழாகப் பயன்படுத்துபவர்கள்தான் ஆறு மாதத்தில் சலித்துப்போய் எல்லாவற்றையும் அழிக்கிறார்கள். நிலை மாறும்போதெல்லாம் ஐகானை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

லேபிள் போடுவது எப்படி?

ஃபைலையோ ஃபோல்டரையோ ஒருமுறை க்ளிக் செய்யுங்கள். பலவற்றுக்குப் போட வேண்டுமென்றால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாக க்ளிக் செய்யலாம், அல்லது மவுஸை இழுத்து ஒரு பெட்டிக்குள் அடக்கலாம். சிஸ்டம் 7-ல் மேலே உள்ள லேபிள் மெனுவைத் திறந்து நிறத்தைத் தேர்ந்தால் முடிந்தது. மேக் ஓஎஸ் 8-ல் தனி மெனு போய்விட்டது. அங்கே ஃபைல் மெனுவுக்குள் லேபிள் என்ற உள்மெனு இருக்கும், அல்லது கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ஐகானை க்ளிக் செய்தால் வரும் மெனுவிலும் கிடைக்கும். எடுத்துவிட, அதே இடத்தில் ‘நன்’ (எதுவுமில்லை) என்பதைத் தேர்ந்தால் போதும்.

ஃபோல்டருக்கு லேபிள் போட்டால் உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு அது ஒட்டாது. உள்ளே போய், எடிட் மெனுவில் செலக்ட் ஆல் கொடுத்து, தனியாகப் போட வேண்டும். ஃபைலைப் பிரதி எடுத்தால் பிரதிக்கும் அதே லேபிள் வரும். பழைய கடிதத்தைப் பிரதி எடுத்துப் புதுக் கடிதம் எழுதும்போது ‘முடிந்தது’ என்ற நிறம் புதிய ஃபைலிலும் உட்கார்ந்துகொள்வது இதனால்தான்.

பெயரையும் நிறத்தையும் மாற்ற முடியுமா?

முடியும், மாற்றவும் வேண்டும். ஆப்பிள் கொடுத்த பெயர்கள் மேலிருந்து கீழாக இவை: எசென்ஷியல் (ஆரஞ்சு), ஹாட் (சிவப்பு), இன் ப்ரோக்ரஸ் (மெஜெந்தா), கூல் (வெளிர்நீலம்), பர்சனல் (நீலம்), ப்ராஜெக்ட் 1 (பச்சை), ப்ராஜெக்ட் 2 (பழுப்பு). ‘கூல்’ என்றால் என்னவென்று யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

சிஸ்டம் 7-ல் கன்ட்ரோல் பேனல்ஸ் ஃபோல்டருக்குள் ‘லேபிள்ஸ்’ இருக்கிறது. மேக் ஓஎஸ் 8, 9-ல் ஃபைண்டரின் எடிட் மெனுவில் ப்ரிஃபரன்சஸ். பெயர் இருக்கும் கட்டத்தில் புதுப் பெயரைத் தட்டுங்கள். நிறத்தை க்ளிக் செய்தால் நிறச் சக்கரம் திறக்கும். மாற்றுவதற்கு முன் பழைய ஏழு பெயர்களையும் நிறங்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பிப் போக வேண்டியிருந்தால் கையால்தான் போட வேண்டும்.

மாற்றும்போது வரிசையையும் யோசியுங்கள். லேபிள்படி வரிசைப்படுத்தினால் அகர வரிசை பார்க்காது, மெனுவில் உள்ள வரிசைப்படிதான் அடுக்கும். முதலில் கண்ணில் பட வேண்டியதை முதல் இடத்தில் வையுங்கள்.

லேபிள் பெயரைத் தமிழில் எழுதலாமா?

சரியாக வராது. மெனு சிஸ்டத்தின் சொந்த எழுத்துருவில்தான் (சிஸ்டம் 7-ல் சிகாகோ) வரையப்படுகிறது, அதில் தமிழ் கிடையாது. அந்தக் காலத் தமிழ் எழுத்துருவை நிறுவியிருந்தாலும் மெனு அதை எடுத்துக்கொள்ளாமல் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ‘வேலை’, ‘முடிந்தது’ போன்ற சின்னச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டி வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஏன் ஏழே ஏழு? எட்டாவது சேர்க்க வழியில்லையா?

இல்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபைண்டர் 16 பிட் கொண்ட ஒரு கொடிச் சொல்லை (சின்னச் சின்னக் குறிகளின் தொகுப்பை) வட்டின் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. ஃபைல் மறைந்திருக்கிறதா, தனி ஐகான் இருக்கிறதா போன்ற விவரங்கள் எல்லாம் அதில்தான். அதில் மூன்று பிட் மட்டுமே நிறத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மூன்று பிட்டில் எட்டு மதிப்பு. ஒன்று ‘எதுவுமில்லை’ என்பதற்குப் போக மீதி ஏழு.

இதில் நமக்கு நல்லதும் இருக்கிறது. அந்த மூன்று பிட்டும் எப்படியும் அங்கே இருப்பவை, ஆகவே லேபிள் போட்டால் வட்டில் ஒரு பைட்கூட அதிகமாகாது. ஆயிரம் ஃபைலுக்குப் போட்டாலும் இடம் அப்படியே இருக்கும். சிஸ்டம் 6-ல் வண்ண மேக்குகளில் மட்டும் ‘கலர்’ என்றொரு மெனு வரும், அதுவும் இதே பிட்டுகளைத்தான் எழுதியது. சிஸ்டம் 6 காலத்து வட்டை சிஸ்டம் 7-ல் செருகியதும் நீங்கள் போடாத லேபிள்கள் தெரிந்தால் காரணம் இதுதான்.

ஏழு நிறத்தை எப்படிப் பங்கிடுவது?

ஏழையும் பயன்படுத்தாதீர்கள். நான்கு போதும், ஐந்து தாராளம். நிறத்தைப் பார்த்த கணத்தில் பொருள் நினைவுக்கு வர வேண்டும். மெனுவைத் திறந்து ‘பழுப்பு என்றால் என்ன?’ என்று பார்க்க வேண்டியிருந்தால் அந்த நிறம் வேலை செய்யவில்லை.

பழைய மேக் வைத்திருப்பவர்கள் அதிகம் செய்கிற ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். அலமாரியில் கிடக்கும் 800 கேபி, 1.44 எம்பி ஃப்ளாப்பிகளை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிக் காப்பது. ஃப்ளாப்பிக்கு ஒரு ஃபோல்டர், பெயர் ஃப்ளாப்பியின் எண். ஃபோல்டர் உண்டாக்கிய உடனேயே ஆரஞ்சு: இன்னும் படிக்கவில்லை. ஃபைல்களை இழுத்துப் போடும்போது -36 என்ற பிழை எண் வந்தால் படிக்கும்போதே தகராறு என்று பொருள். நகல் ஆனவரை ஆகட்டும், ஃபோல்டருக்கு சிவப்பு போட்டுவிட்டு அடுத்த ஃப்ளாப்பிக்குப் போங்கள். அங்கேயே நின்று அதே ஃப்ளாப்பியைத் திரும்பத் திரும்பச் செருகினால் டிரைவின் படிக்கும் தலையில் அழுக்கு ஏறி, நல்ல ஃப்ளாப்பிகளும் படிக்காமல் போகும். முழுதாக வந்தவற்றுக்கு வெளிர்நீலம். திறந்து பார்த்து உள்ளடக்கம் சரி என்று உறுதி செய்தவற்றுக்குப் பச்சை. மாலையில் லேபிள்படி வரிசைப்படுத்தினால் சிவப்பெல்லாம் ஒரே கொத்தாக நிற்கும். டிரைவின் தலையைத் துடைத்த பிறகு அந்தக் கொத்தை மட்டும் மறுபடி செருகிப் பார்க்கலாம்.

‘இன்னும் தொடவில்லை’ என்பதற்கும் இங்கே ஒரு நிறம் இருப்பதைக் கவனியுங்கள். நிறமில்லாத ஃபோல்டர் என்றால் நீங்கள் லேபிள் போட மறந்தது என்று பொருளாகிவிடும். மறதியும் கண்ணில் படும்படி வைப்பது இந்த முறையின் பெரிய பலம்.

சிவப்பு, பச்சை பிரித்தறியச் சிரமப்படுபவர் அதே கணினியைப் பயன்படுத்தினால் நீலம், ஆரஞ்சு என வையுங்கள். பட்டியல் தோற்றத்தில் லேபிள் பெயருக்கு ஒரு பத்தி உண்டு, அதையும் திறந்து வையுங்கள்.

வியூ மெனுவில் ‘பை லேபிள்’ வரவே இல்லையே?

சிஸ்டம் 7-ல் கன்ட்ரோல் பேனல்ஸில் ‘வியூஸ்’ என்பதைத் திறந்து ‘ஷோ லேபிள்’ கட்டத்தில் குறி இருக்கிறதா பாருங்கள். குறி இல்லாத பத்தி வியூ மெனுவிலும் வராது. மேக் ஓஎஸ் 8, 9-ல் அந்த ஜன்னலைப் பட்டியல் தோற்றத்துக்கு மாற்றி, வியூ மெனுவில் வியூ ஆப்ஷன்ஸ்.

ஒரே நிறமுள்ள ஃபைல்களை வட்டு முழுக்கத் தேடி எடுக்க முடியுமா?

முடியும். லேபிளின் உண்மையான பயன் இங்கேதான். சிஸ்டம் 7.0, 7.1-ல் கமாண்ட்-எஃப் அழுத்தி, ‘மோர் சாய்சஸ்’ பொத்தானை அழுத்துங்கள். ‘நேம்’ என்று இருக்கும் இடத்தில் ‘லேபிள்’ என மாற்றி, வேண்டிய நிறத்தைத் தேர்வு செய்யுங்கள். ‘ஆல் அட் ஒன்ஸ்’ கட்டத்தில் குறியிட்டால் கிடைத்தவை எல்லாம் ஒருசேரத் தேர்வாகி நிற்கும், ஒன்றைப் பிடித்து இழுத்தால் எல்லாம் கூடவே வரும். 7.5-ல் ‘ஃபைண்ட் ஃபைல்’, 8.5 முதல் ‘ஷெர்லாக்’. இரண்டிலும் லேபிளை வைத்துத் தேடலாம்.

லேபிள் போட்டால் ஐகான் கறுத்து, படமே புரியாமல் போகிறது. ஏன்?

ஐகானின் சொந்த நிறத்தோடு லேபிளின் நிறம் கலக்கிறது. பழுப்பு, கரும்பச்சை, அடர்நீலம் போன்றவை உள்ளே வரைந்த நுணுக்கத்தை அமுக்கிவிடும். ஆப்பிள் அப்படித் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஏழு நிறங்களும் 16 நிறத் திரையின் நிறத் தட்டில் ஏற்கெனவே இருப்பவை, அதனால் எந்த வண்ண மேக்கிலும் பிசகாமல் வரும். உங்கள் திரை 256 நிறம் காட்டுமானால் இந்தக் கட்டுப்பாடு உங்களுக்கு இல்லை. வெளிறிய நிறங்களுக்கு மாறுங்கள்.

மாறும்போது எண்ணைப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள். சிஸ்டம் 7-ன் நிறச் சக்கரத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 65535 வரை எண் கொடுக்கலாம். 256 நிறத் தட்டின் பெரும்பகுதி ஒவ்வொரு நிறத்துக்கும் ஆறு படிகள் கொண்டது: 0, 13107, 26214, 39321, 52428, 65535. இந்தப் படிகளிலேயே எண்களைக் கொடுத்தால் திரை அந்த நிறத்தைத் தோராயமாக்க வேண்டியிருக்காது. இளமஞ்சளுக்கு 65535, 65535, 39321. வெளிர் ஆரஞ்சுக்கு 65535, 52428, 26214. வெளிர்பச்சைக்கு 39321, 65535, 39321. இடைப்பட்ட எண்களைக் கொடுத்தால் பக்கத்து நிறத்துக்கு நழுவி, ஒன்றுபோல் தெரியும் இரண்டு லேபிள்கள் கிடைக்கும்.

தனி ஐகான் வரைந்த ஃபோல்டர்களுக்கு லேபிளே போடாமல் விடுவதும் நல்ல வழி. அவற்றுக்குத்தான் ஏற்கெனவே முகம் இருக்கிறதே.

நேற்று வரை இருந்த நிறமெல்லாம் இன்று போய்விட்டது. லேபிள்கள் அழிந்துவிட்டனவா?

அழியவில்லை. லேபிள் மெனுவைத் திறந்து பாருங்கள், குறி அப்படியே இருக்கும். திரை கறுப்பு-வெள்ளைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ‘மானிட்டர்ஸ்’ கன்ட்ரோல் பேனலைத் திறந்து 16 அல்லது 256 நிறத்துக்கு மாற்றுங்கள், உடனே திரும்பி வரும்.

ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் இப்படி ஆனால் உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். திரையின் நிற அளவு பீரேம் எனப்படும் சிறு நினைவகத்தில் இருக்கிறது, மின்சாரம் இல்லாத நேரத்தில் அதைக் காப்பது 3.6 வோல்ட் அரை ஏஏ லித்தியம் பேட்டரி. தேதியும் பின்னால் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். பழைய பேட்டரியை உள்ளேயே விட்டுவைக்காதீர்கள். அது ஒழுகினால் லேபிளைப் பற்றி அல்ல, போர்டைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டிவரும். சுற்றியுள்ள செப்புத் தடங்களை அரித்துவிடும். எல்சி போன்றவற்றில் கையால் எடுத்துவிடலாம், பழைய மேக்கின்டாஷ் 2-ல் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள்.

கறுப்பு-வெள்ளை மேக்கில் லேபிளுக்குப் பயன் உண்டா?

உண்டு. பிளஸ், எஸ்இ, கிளாசிக் எதிலும் சிஸ்டம் 7 ஓடினால் லேபிள் மெனு இருக்கும். சாயம் தெரியாது, ஆனால் பெயரைக் கொண்டு வரிசைப்படுத்துவதும் தேடுவதும் அப்படியே நடக்கும். அங்கே பெயர்களை ஒழுங்காக வைப்பது இன்னும் முக்கியம்.

என் ஃப்ளாப்பியை நண்பரின் மேக்கில் போட்டால் லேபிள் பெயர் வேறாக வருகிறது!

ஃபைலோடு பயணம் செய்வது எண் மட்டுமே. ‘முதல் இடத்து லேபிள்’ என்பதுதான் ஃப்ளாப்பியில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் பெயரும் நிறமும் அந்தந்தக் கணினியில் இருக்கின்றன. நீங்கள் ‘முடிந்தது’ என்று வைத்த இடத்தில் அவர் ‘அழிக்கலாம்’ என்று வைத்திருந்தால் விபரீதம்தான். இரண்டு மேக்குக்கு இடையில் ஃபைல் போய்வரும் என்றால் ஏழு இடங்களையும் இரண்டிலும் ஒரே மாதிரி வையுங்கள். எமுலேட்டருக்கும் இது பொருந்தும்.

தனி ஐகானை ஒட்டுவது எப்படி?

ஏதேனும் ஒரு ஓவிய மென்பொருளில் 32-க்கு 32 புள்ளி அளவில் படம் வரையுங்கள். வெளிக்கோடு எங்கும் விடுபடாமல் மூடியிருக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு வெளியே உள்ள வெள்ளையைத்தான் ஃபைண்டர் ஒளி ஊடுருவும் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. ஒரு புள்ளி திறந்திருந்தாலும் அதன் வழியாக உள்ளே புகுந்து, படத்தின் நடுவில் ஓட்டை விழுந்ததுபோல் பின்னணி தெரியும்.

படத்தைத் தேர்ந்து கமாண்ட்-சி. ஃபைண்டருக்கு வந்து, ஃபைலைத் தேர்ந்து கமாண்ட்-ஐ. திறக்கும் கெட் இன்ஃபோ ஜன்னலில் மேலே இடது மூலையில் இருக்கும் ஐகானை க்ளிக் செய்யுங்கள். அதைச் சுற்றி ஒரு சட்டம் வர வேண்டும், வராமல் ஒட்ட முடியாது. இனி கமாண்ட்-வி. பழைய ஐகான் திரும்ப வேண்டுமென்றால் அதே சட்டம் வந்த நிலையில் கமாண்ட்-எக்ஸ்.

32-க்கு மேல் பெரிய படத்தைக் கொடுத்தால் சுருக்கிவிடும், சுருங்கும்போது ஒற்றைப் புள்ளிக் கோடுகள் காணாமல் போகும். முதலிலேயே 32-ல் வரைவதற்கு இதுதான் காரணம்.

ஒட்ட மாட்டேன் என்கிறது. எங்கே கோளாறு?

பெரும்பாலும் இவற்றில் ஒன்று: கெட் இன்ஃபோவில் ‘லாக்ட்’ கட்டத்தில் குறி இருக்கும், அந்த ஃபைல் இன்னொரு மென்பொருளில் திறந்திருக்கும், ஃப்ளாப்பியின் எழுத்துத் தடுப்புத் துளை திறந்திருக்கும், அல்லது வட்டு சிடியாக இருக்கும். கிளிப்போர்டில் படத்துக்குப் பதில் எழுத்து இருந்தாலும் ஒட்டாது. எடிட் மெனுவில் ஷோ கிளிப்போர்டு கொடுத்தால் என்ன இருக்கிறது என்று தெரியும்.

சிடியில் உள்ள மென்பொருளுக்கு ஐகான் போட ஆசை என்றால் அதற்கு ஹார்ட் டிஸ்க்கில் ஓர் ஏலியஸ் (அதைச் சுட்டும் குறுக்குவழி ஃபைல்) உண்டாக்கி, ஏலியஸுக்குப் போடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள மென்பொருள்களுக்கும் இதுவே பாதுகாப்பு. சில மென்பொருள்கள் தங்களை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று தொடங்கும்போது சோதித்துப் பார்ப்பவை. அவற்றின்மேல் ஐகானை ஒட்டினால் வைரஸ் என்று நினைத்து ஓட மறுக்கும்.

தனி ஐகான் வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும்?

படம் சின்னது, ஆனால் அது பிடிக்கும் இடம் சின்னதாக இருக்காது. ஒரே ஐகானை சிஸ்டம் 7-ன் ஃபைண்டர் ஆறு வடிவங்களில் வைக்கிறது: 32 புள்ளி அளவில் கறுப்பு-வெள்ளை (எந்தப் பகுதி ஊடுருவித் தெரிய வேண்டும் என்று சொல்லும் முகமூடியோடு 256 பைட்), 16 நிறம் (512), 256 நிறம் (1,024), பிறகு 16 புள்ளி அளவில் அதே மூன்றும் (64, 128, 256). கூட்டினால் 2,240 பைட். பட்டியல் விவரங்களும் சேர்ந்து ஏறத்தாழ 2,700.

இது ஃபைலின் ரிசோர்ஸ் ஃபோர்க்கில் (உள்ளடக்கத்தோடு சேராமல், ஐகான் போன்றவற்றுக்காகத் தனியே இருக்கும் பகுதியில்) எழுதப்படுகிறது. மேக்கின் பழைய வட்டு வடிவமான எச்எஃப்எஸ்ஸில் எவ்வளவு பெரிய டிஸ்க்காக இருந்தாலும் 65,535 துண்டுகளுக்கு (இடம் ஒதுக்கும் அலகுகளுக்கு) மேல் கிடையாது. அதனால் டிஸ்க் பெரிதாக ஆகத் துண்டும் பெரிதாகும்: 80 எம்பி டிஸ்க்கில் 1.5 கேபி, 500 எம்பியில் சுமார் 8, 1 ஜிபியில் சுமார் 16. ஒரு ஃபோர்க்குக்குக் குறைந்தது ஒரு துண்டு. ஆக, ரிசோர்ஸ் ஃபோர்க் இல்லாத சாதாரண எழுத்து ஃபைலுக்கு 1 ஜிபி டிஸ்க்கில் ஐகான் ஒட்டினால் 16 கேபி போய்விடும். நூறு ஃபைலுக்கு 1.6 எம்பி, ஒரு ஃப்ளாப்பிக்கு மேல். ஃப்ளாப்பியிலோ துண்டு 512 பைட் என்பதால் ஒரு ஐகானுக்கு 3 கேபிதான், ஆனால் 800 கேபியில் அதுவும் பெரிசுதான்.

ஏலியஸ் இங்கேயும் கைகொடுக்கும். அதற்கு ஏற்கெனவே ரிசோர்ஸ் ஃபோர்க் உண்டு, ஒரு துண்டு எடுத்தாயிற்று. 1 ஜிபி டிஸ்க்கில் அதே துண்டின் காலி இடத்தில் ஐகான் உட்கார்ந்துகொள்ளும். மேக் ஓஎஸ் 8.1-ல் வந்த எச்எஃப்எஸ் பிளஸ் வட்டில் துண்டு பொதுவாக 4 கேபி, அங்கே கவலை குறைவு.

ஐகான் நிறைந்த ஃபோல்டர் திறக்க நேரமாகிறது, ஏன்?

ஒவ்வொரு தனி ஐகானையும் காட்ட அந்தந்த ஃபைலின் ரிசோர்ஸ் ஃபோர்க்கைத் திறந்து படிக்க வேண்டியிருக்கிறது. 16 மெகாஹெர்ட்ஸ் எல்சியில், அதுவும் ஃப்ளாப்பியில் இருந்தால், ஒவ்வொன்றாக முளைப்பது கண்ணுக்குத் தெரியும். லேபிளுக்கு இந்தச் செலவு இல்லை, பட்டியலைப் படிக்கும்போதே வந்துவிடும். ஃபைலுக்குள் ஐகான் ஒட்டாமல் ஃபோல்டருக்கு மட்டும் ஒட்டினால் திரையும் அமைதியாக இருக்கும்.

சின்ன ஐகான் தோற்றத்தில் என் படம் சிதைந்து தெரிகிறது. சரிசெய்ய?

நீங்கள் ஒட்டிய 32 புள்ளிப் படத்திலிருந்து 16 புள்ளிப் படத்தை ஃபைண்டர் தானே சுருக்கி உண்டாக்கியது அது. ரிசோர்ஸ் ஃபோர்க்கைத் திருத்தும் ஆப்பிளின் மென்பொருளான ரெஸ்எடிட் 2.1.3 கொண்டு கையால் திருத்தலாம். முதலில் ஃபைலின் பிரதி எடுத்துக்கொண்டு பிரதியில் வேலை செய்யுங்கள். ரெஸ்எடிட்டில் திறந்து, ‘ஐசிஎன்#’ வகையை இரட்டை க்ளிக் செய்தால் -16455 என்ற எண்ணில் உங்கள் ஐகான் இருக்கும். எல்லாத் தனி ஐகானுக்கும் இதே எண்தான். அதைத் திறந்தால் ஆறு வடிவங்களும் ஓர் ஓரத்தில் வரிசையாகத் தெரியும். 16 புள்ளி, 256 நிறப் படத்தை எடுத்துத் திருத்துங்கள். நிழல், சின்னக் கோடு எல்லாம் அங்கே வேண்டாம். வெளிவடிவமும் இரண்டு நிறமும் இருந்தால் கண் பிடித்துக்கொள்ளும். முடித்ததும் அதை மற்ற வடிவங்களின் மேல் இழுத்துப் போட்டால் அவையும் உருவாகும், முகமூடியின் மேல் போட்டால் முகமூடி உருவாகும். முகமூடியை மறந்தால் க்ளிக் செய்யும்போது ஐகான் வேறு வடிவில் கறுக்கும்.

கலர் மெனுவில் ‘ஆப்பிள் ஐகான் கலர்ஸ்’ என்று 34 நிறங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் நின்றால் தேர்வு செய்யும்போதும் லேபிள் பூசும்போதும் படம் கெடாமல் நிற்கும்.

ஃபோல்டருக்குள் ‘ஐகான்’ என்ற பெயரில் விசித்திரமான ஃபைல் இருக்கிறதே, அழிக்கலாமா?

ஃபோல்டருக்கு ரிசோர்ஸ் ஃபோர்க் கிடையாது. அதனால் அதன் ஐகான் உள்ளே மறைவான ஒரு ஃபைலில் வைக்கப்படுகிறது. பெயர் ‘ஐகான்’ என்ற ஆங்கிலச் சொல்லும் கடைசியில் ஒரு ரிட்டர்ன் எழுத்தும். ரிட்டர்னை ஃபைண்டரில் பெயராகத் தட்ட முடியாது என்பதால் உங்கள் ஃபைலோடு மோதாது. வேறு கணினியில் பார்க்கும்போதுதான் இது கண்ணில் படும், பெயரின் கடைசியில் கேள்விக்குறியோடு. அழித்தால் ஃபோல்டரின் படம் மட்டும் போகும், உள்ளே இருக்கும் மற்ற எதற்கும் பாதிப்பில்லை.

ஃபைல்களெல்லாம் வெறும் வெள்ளைக் காகிதமாகத் தெரிகின்றன. டெஸ்க்டாப்பை மறுபடி கட்டினால் லேபிள் போய்விடுமா?

போகாது. மென்பொருள்கள் தங்கள் ஃபைல்களுக்குத் தரும் ஐகான்கள் டெஸ்க்டாப் டிபி, டெஸ்க்டாப் டிஎஃப் என்ற மறைவான இரண்டு ஃபைல்களில் இருக்கின்றன. அவை குழம்பினால்தான் வெள்ளைக் காகிதம். லேபிள் வட்டின் பட்டியலிலும் தனி ஐகான் ஃபைலுக்குள்ளும் இருப்பதால் இரண்டும் தப்பிவிடும். கணினி தொடங்கும்போது கமாண்ட், ஆப்ஷன் இரண்டையும் பிடித்துக்கொண்டிருங்கள், கட்டட்டுமா என்று கேட்கும்போது ஓகே. பழைய சிஸ்டம் 7-ல் கெட் இன்ஃபோவில் எழுதிவைத்த குறிப்புகள் இதில் அழிந்துவிடும், அவற்றை முதலில் எங்காவது எழுதிக்கொள்ளுங்கள்.

இவற்றை இழக்காமல் ஃபைல்களை வெளியே எடுப்பது எப்படி?

டாஸ் ஃப்ளாப்பியிலோ விண்டோஸ் வழியாகவோ அப்படியே நகலெடுத்தால் ரிசோர்ஸ் ஃபோர்க்கும் ஃபைண்டர் விவரமும் கழன்றுவிடும். ஐகானோடு சில எழுத்துருக்களும் மென்பொருள்களும் உயிரிழக்கும். மேக்கிலேயே ஸ்டஃபிட் என்ற சுருக்கும் மென்பொருளைக் கொண்டு கட்டி, கட்டிய ஃபைலை நகர்த்துங்கள். முழு வட்டின் இமேஜ் (முழு வட்டையும் ஒரே ஃபைலாக நகலெடுப்பது) எடுப்பது இன்னும் நல்லது, ஒவ்வொரு பிட்டும் அப்படியே வரும்.

எமுலேட்டரில் ஒரு கண்ணி இருக்கிறது. பசிலிஸ்க் 2-ன் பகிர்வு ஃபோல்டரில் போடும் ஃபைல்களுக்கு ரிசோர்ஸ் ஃபோர்க்கும் ஃபைண்டர் விவரமும் ‘ஆர்எஸ்ஆர்சி’, ‘எஃப்ஐஎன்எஃப்’ என்ற மறைவான இரு ஃபோல்டர்களில் தனியாகச் சேமிக்கப்படுகின்றன. வெளிக் கணினியில் ஃபைலை மட்டும் இழுத்து இடம் மாற்றினால் அவை பின்னால் தங்கிவிடும். மாற்றுவதை எமுலேட்டருக்குள்ளிருந்தே செய்யுங்கள்.

புதிய மேக்கில் என் பழைய நிறங்கள் தெரியுமா?

தெரியும், சில வேறு நிறமாக. மேக் ஓஎஸ் எக்ஸ் 10.0 முதல் 10.2 வரை ஃபைண்டரில் லேபிளே இல்லை. 2003 அக்டோபரில் 10.3-ல் திரும்பியது, ஐகானுக்குப் பதில் பெயரின் பின்னால் நிறம் பூசும் விதத்தில். எண்கள் அதேதான், நிறங்கள்தான் மாறின. ஆரஞ்சு ஆரஞ்சாகவும், சிவப்பு சிவப்பாகவும், பச்சை பச்சையாகவும் வரும். மெஜெந்தா மஞ்சளாகும், வெளிர்நீலம் நீலமாகும், பழைய நீலம் ஊதாவாகும், பழுப்பு சாம்பலாகும். நீங்கள் வைத்த பெயர்கள் வரமாட்டா. பழைய எச்எஃப்எஸ் வட்டை நேராக இணைப்பதானால் 10.6 முதல் படிக்க மட்டுமே முடியும், 10.15 முதல் அதுவும் இல்லை. இடையில் 10.5 அல்லது அதற்கு முந்தைய ஒரு கணினி கிடைத்தால், அதில் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுக்கு மாற்றிக்கொண்டு முன்னே போகலாம்.